ஹாஸ்டலில் ஓர் இடம்

கணவன் பெயரைச் சொல்லச் சொன்னதற்காக ஒரு பெண் என் எதிரில் அழுதாள். பரீட்சைக்குப் பயந்து அழுத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் புதிது.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. திருச்சிராப்பள்ளியில் கோட்டைப் பக்கம் இருந்த ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஆபீஸில் உத்தியோகம். உறையூரில் வாடகை வீடு. எங்கள் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வந்து சேருகிற பெண்களே கொஞ்சம். அதில் காலேஜ் வரை போகிறவர்கள் நாலைந்து பேர் தேறினால் அது நல்ல வருஷம். அந்த நாலைந்து பேரைத் தயார் செய்கிற வேலையை ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் ஒப்படைத்திருந்தார். இண்டர்மீடியட்டில் எந்தப் பாடம் எடுக்கலாம், விண்ணப்பத்தில் என்ன எழுதலாம், வீட்டில் யாரை எப்படிச் சம்மதிக்க வைக்கலாம் என்பதெல்லாம் என் பொறுப்பு. கடைசியாக, பெண்கள் காலேஜ் பிரின்சிபாலைப் பார்த்துப் பேசப் பழக்க வேண்டும். அவர் வெள்ளைக்கார அம்மாள். எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்து, முழு வாக்கியமாகப் பதில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

எங்கள் பெண்களுக்கு இலக்கணம் வந்துவிடும். நாற்காலிதான் வராது. பெரியவர்கள் எதிரில் உட்கார்ந்தே பழகாத பெண்கள். நுனியில் ஒட்டிக்கொண்டு எப்போது எழுந்திருக்கலாம் என்றே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில் நான் பிரின்சிபாலாக மேஜைக்குப் பின்னால் உட்காருவேன். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, உட்கார்ந்து, பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் ஜன்னல் ஓரம் நின்று சிரிப்பார்கள்.

அழுத பெண் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தவள். வடகலை வைஷ்ணவக் குடும்பம். அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. பாலிய விவாகத்தைத் தடுக்கச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தபோது, அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று ஊரெல்லாம் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. அந்த அவசரத்தில் அப்பா மடியில் உட்கார வைத்துத் தாலி கட்டப்பட்டவள் இவள். கணவன் வீடும் ஸ்ரீரங்கம்தான். ஆனால் இன்னும் அங்கே அனுப்பவில்லை. மாப்பிள்ளை பி.ஏ. படிக்கிறார், முடியட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாலியும் பின்னலுமாக, புஸ்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் வந்து போய்க்கொண்டிருந்தாள். கணக்கிலும் சயன்ஸிலும் அவள்தான் வகுப்பில் முதல்.

பிரின்சிபால் கேட்பார் என்று தெரிந்துதான் நான் கணவன் பெயரைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டேன். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

“ஆத்துக்காரர் பேரைச் சொல்லக் கூடாது டீச்சர். சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்” என்றாள்.

எங்கள் வீடுகளிலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் ஆயுசு என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். “சரி, சொல்ல வேண்டாம். காகிதம் கேட்டு எழுதிக் காட்டு” என்றேன். அவளுக்கு அது பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழகாக எழுதி நீட்டினாள்.

பரீட்சை முடிந்தது. மற்றப் பெண்களின் வீடுகளில் எப்படியோ பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன். இவள் அப்பாவைப் பார்க்கப் போனபோது அவர் பிடிகொடுக்கவில்லை.

“நான் யாரு டீச்சரம்மா முடிவு பண்ண? கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு. இனிமே அவா சொல்றதுதான். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவன் அம்மா ஒருத்திதான். அவ ஆசாரம் ஸ்ரீரங்கத்துக்கே தெரியும். காலேஜ்னு போய் வாயைத் திறந்தா என்ன சொல்வாளோ” என்றார்.

அந்த அம்மாளை எப்படிப் பார்ப்பது, என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, மாப்பிள்ளை தானாகப் பள்ளிக்கூடம் தேடி வந்தார். இடைவேளை நேரம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ஐயங்கார் பிள்ளை என்னைப் பார்க்க வந்திருப்பதாகப் பியூன் சொன்னான். ஆபீஸ் வராந்தாவில் எனக்கும் அவருக்குமாக நாற்காலி போட்டார்கள். அவர் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் வராந்தாவின் கோடியில், தூண் பக்கம் போட்டுக்கொண்டார். நான் வேற்று ஜாதி, ஆசாரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டுக் கழுத்து வரை பொத்தான் மாட்டியிருந்தார். மெலிந்த முகம். கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

“உங்க ஸ்டூடண்ட் என் சம்சாரம். அவளைக் காலேஜ்ல சேர்க்கணும். நீங்கதான் ஒத்தாசை பண்ணணும்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “நானே உங்க வீட்டுக்கு வர இருந்தேன். நல்ல காரியம் செய்யறீங்க” என்றேன்.

“ஹாஸ்டல்லயும் இடம் வாங்கித் தரணும்.”

“ஹாஸ்டல் எதுக்குங்க? பாலத்தைத் தாண்டினா வீடு. பஸ் இருக்கு, ஜட்கா இருக்கு. இத்தனை நாள் அப்படித்தானே வந்துட்டுப் போனா?”

“ஹாஸ்டல்தான் வேணும். லீவுக்குக்கூட ஆத்துக்கு வராம இருந்தா இன்னும் நல்லது.”

இப்போது எனக்குக் கோபம் வந்தது. பிடிக்காத பெண்டாட்டியைப் படிப்பு என்று சொல்லி எங்காவது தள்ளிவிட்டு, வேறு கல்யாணம் செய்துகொண்ட ஆண்களை நான் அறிவேன். அப்படி வாழ்க்கை போன ஒருத்தி எங்கள் பள்ளியிலேயே தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நேராவே கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இருமல் வந்தது. எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு அப்படிக் குலுங்கியதை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து, பார்க்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதிலிருந்த ரத்தத்தை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். தூரத்தில் நாற்காலி போட்டது எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

“டாக்டர் கைவிட்டுட்டார். அடுத்த கோடையைப் பார்ப்பேனான்னு சந்தேகம்” என்றார், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

“அவளுக்குத் தெரியுமா?”

“இருமல்னு தெரியும். படிப்பை நிறுத்தினது தெரியாது.”

முற்றத்தில் சின்ன வகுப்புப் பெண்கள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு அஞ்சு வயசுல அப்பா போயிட்டார்” என்று அவரே தொடர்ந்தார். “பத்தாம் நாள் கார்த்தால கொல்லைப்புறத்துலேர்ந்து யாரோ ஒருத்தர் உள்ள வந்தா. மொட்டைத் தலை, முக்காடு. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. நான் கத்திண்டு ஓடிப்போய் மாட்டுக்கொட்டில்ல ஒளிஞ்சுண்டேன். அது அம்மான்னு சொன்னா. நான் நம்பலை. கிட்டப் போகவே நாளாச்சு.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

“இவளுக்கு எவ்வளவு நீளப் பின்னல், பார்த்திருக்கேளோன்னோ? நான் போனா பத்தாம் நாள் அதே கொல்லைப்புறத்துல உட்கார வைப்பா. காலேஜ் சுவருக்குள்ள கத்தி வராது டீச்சர். அதுக்குத்தான் ஹாஸ்டல்.”

ஸ்ரீரங்கத்துக்கு நான் எத்தனை தடவை போயிருக்கிறேன். அம்மா மண்டபத்துப் படித்துறையில் முக்காடிட்ட பெண்கள் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒதுங்கி வழிவிட்டிருக்கிறேன். அந்தத் தலைகளில் ஒரு நாள் ஒரு கை அழுத்திப் பிடித்திருக்கும், ஒரு கத்தி இறங்கியிருக்கும் என்பதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் ஜனங்களில் தாலியை எடுத்துவிட்டு வெள்ளைப் புடவை கட்டிவிடுவார்கள், தலையைத் தொடமாட்டார்கள். இப்போது அது நடக்கப்போவது என் வகுப்பில் முன் பெஞ்சில் உட்காருகிற பெண்ணுக்கு.

“உங்க அம்மாகிட்டச் சொல்லிப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் பதறிப்போனார். “அம்மாகிட்ட மட்டும் வேண்டாம். ஆசாரத்துல அணுவளவும் விட்டுக்குடுக்க மாட்டா. அவளுக்குத்தான் நான் ரொம்பப் பயப்படறேன். காலேஜ்னு சொன்னா சரின்னுடுவா, நான் இதுவரைக்கும் எதையும் கேட்டதில்லை. ஏன்னு தெரியக் கூடாது.”

அன்றைக்கு நான் மத்தியானப் பாடம் எடுக்கவில்லை. தலைவலி என்று சொல்லி ஆசிரியர்கள் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

ரிசல்ட் வந்தது. அவள் நல்ல மார்க்கோடு காலேஜுக்குத் தகுதி பெற்றிருந்தாள். விண்ணப்பம் எழுதும்போது, “ஹாஸ்டல் எதுக்கு டீச்சர்?” என்று அவளே கேட்டாள். “உங்க வீட்டுக்காரர் விரும்பறார்” என்றேன். அவளுக்குப் பெருமையாகிவிட்டது. தான் நன்றாகப் படிக்க வேண்டும் என்று அவருக்கு எத்தனை அக்கறை என்று மற்றப் பெண்களிடம் சொல்லிக்கொண்டாள். நான் இங்க் புட்டியை மூடுவதில் மும்முரமாக இருந்தேன்.

நேர்முகத்துக்கு முன்பே பிரின்சிபாலைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். சொல்லாவிட்டால் ஹாஸ்டலுக்கு அர்த்தம் இல்லை. அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவர் கேட்டது, அந்தப் பெண் கணவனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாளா என்பதைத்தான். நூறு பெண்கள் சேர்ந்து தூங்குகிற இடம், அவர் கேட்டது நியாயம்தான். இல்லை என்றேன். லேடி டாக்டர் மார்பைப் பரிசோதித்துச் சொல்லட்டும் என்றார். பிறகு கத்தியைப் பற்றி மறுபடி கேட்டார். நான் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று சந்தேகம் அவருக்கு. புரிந்துகொண்டது சரிதான் என்றதும் முகம் வெளுத்துப்போயிற்று. இந்த நாட்டில் அவர் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். “அவளாக வர விரும்பாவிட்டால் என் கேட்டைத் தாண்டி யாரும் அவளை அழைத்துப் போக முடியாது” என்றார்.

நேர்முகத்தில் அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தாள். கணவன் பெயரைக் கேட்டபோது பென்சில் வாங்கி எழுதினாள். ஏன் சொல்லவில்லை என்று பிரின்சிபால் கேட்டதற்கு, சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும், எழுதினால் குறையாது என்று இங்கிலீஷில் தப்பில்லாமல் பதில் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பிரின்சிபாலின் குரல் அடுத்த கேள்விக்குப் போயிற்று.

ஆனியில் காலேஜ் திறந்தார்கள். ஹாஸ்டலில் பிராமணப் பெண்களுக்குத் தனிச் சமையல் உண்டு என்று காட்டி அவள் அப்பாவைச் சமாதானம் செய்தோம். அவள் சயன்ஸ் எடுத்தாள். அவ்வப்போது நான் போய்ப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணவர் பார்க்க வருகிறாராம். பார்வையாளர் கூடத்தில் அவள் இந்தக் கோடியில் உட்கார வேண்டும். அவர் அந்தக் கோடியில் கதவுப் பக்கம் நிற்பார். அங்கிருந்தே இங்கிலீஷில் கேள்வி கேட்பாராம். அந்த வாரம் என்ன படித்தாய், தவளைக்கு இதயத்தில் எத்தனை அறை என்று. அவள் இங்கிலீஷிலேயே பதில் சொல்ல வேண்டும்.

“ரொம்ப ஆசாரம் டீச்சர் அவருக்கு. கிட்டவே வரமாட்டார்” என்று சொல்லி அவள் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் அத்தனை பேச்சுப் பேசியது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் வருவது நின்றது. ஜுரம் என்று சொல்லி அனுப்பினார்.

மார்கழியில், ஏகாதசிக் கூட்டம் ஸ்ரீரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், காலேஜ் பியூன் என் வகுப்பு வாசலில் வந்து நின்றான். பிரின்சிபால் உடனே வரச் சொன்னாராம். நான் போனபோது ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே ஜட்கா நின்றது. அவள் அப்பா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். பிரின்சிபால் கேட்டுக்கு உள்ளே நின்றார். கேட் பூட்டியிருந்தது.

“கார்த்தால போயிட்டான் டீச்சரம்மா” என்றார் அப்பா. “இந்த அம்மா கதவைத் திறக்க மாட்டேங்கறா. என் பொண்ணு அவனைக் கடைசியாப் பார்க்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கோ.”

தெரிந்துதானே இருந்தது என்று நினைத்தேன். தெரிந்திருந்தது எதற்கும் உதவவில்லை.

அவள் படியிறங்கி வந்தாள். கையில் பேனா இருந்தது. அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, “நான் போறேன் டீச்சர்” என்றாள்.

“போனா திரும்பி வர விடமாட்டாங்கம்மா” என்று அவள் காதருகே சொன்னேன். “பத்தாம் நாள் என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும். அது நடக்கக் கூடாதுன்னுதான் அவர் உன்னை இங்க சேர்த்தார்.”

அவள் என்னையே பார்த்தாள். இத்தனை மாதம் ஹாஸ்டல் எதற்கு என்பது அந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது. அழவில்லை. “இருக்கட்டும். அவரைக் கிட்டப் பார்க்கணும்” என்றாள்.

பிரின்சிபால் பூட்டைத் திறந்தார். நானும் ஜட்காவில் ஏறிக்கொண்டேன். பாலத்தின் மேல் கூட்டம் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு நடந்தது. வண்டிக்காரன் வழி கேட்டு வழி கேட்டு ஓட்டினான். அவள் கணவன் வீட்டு வாசலில் இறங்கினோம். நான் தெருவோடு நின்றுவிட்டேன். அவள் உள்ளே போய்க் கதவுக்கு அப்பால் மறைந்தாள்.

அடுத்த நாட்களில் நான் செய்யாத முயற்சி இல்லை. அவள் அப்பாவின் ஆபீஸுக்குப் போனேன். “எங்களுக்கு மட்டும் ஆசையா?” என்றார் அவர், காகிதங்களிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “பண்ணலைன்னா நாளைக்கு என் ரெண்டாவது பொண்ணை யார் எடுப்பா? காரியம் பண்ணி வைக்க வாத்தியார் வருவாரா? அவன் சித்தப்பா எல்லாத்தையும் ஏற்பாடு பண்ணியாச்சு.” போலீஸில் சொல்லலாமா என்று என் கணவரைக் கேட்டேன். எந்தச் சட்டத்தில் என்று அவர் திருப்பிக் கேட்டார். பிரின்சிபால் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

பத்தாம் நாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை. தெருவில் பனி விலகவில்லை. எல்லா வாசலிலும் கோலமும் பூசணிப்பூவும். அந்த ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. பின்பக்கச் சந்தில் சுற்றிப் போனேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் தகரப்பெட்டியோடு நடந்துபோய் அதற்குள் நுழைந்தார். நாவிதர் என்று தெரிந்தது. நான் சந்தின் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கிணற்றடியில் பலகை போட்டிருந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். பின்னலை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கூந்தல் பலகையைத் தாண்டித் தரையில் கிடந்தது. சுற்றி நாலைந்து பெண்கள். கூடத்துக் கதவருகே இறந்தவரின் சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நாவிதர் பெட்டியைத் திறந்தார்.

அப்போது உள்ளேயிருந்து மாமியார் வந்தாள். நான் அந்த அம்மாளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. குள்ளமான, முக்காடிட்ட உருவம். நேரே நாவிதரிடம் போய், “பெட்டியை மூடிக்கோப்பா. இங்க வேலை இல்லை” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. சித்தப்பா திரும்பினார். “மன்னி, என்ன சொல்றேள்? நாழியாறது.”

“காதுல விழலையா? வேண்டாங்கறேன்.”

“ஊர் என்ன சொல்லும்? வாத்தியார் வாசல்ல உட்கார்ந்திருக்கார். சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கோன்னோ?”

“இருக்கட்டும். இத்தனை வருஷம் ஒரு வேளை சாப்பாடு, வெறுந்தரை, எதுல குறை வச்சேன்? எனக்குத் தெரியாத சாஸ்திரமா?” குரல் உயரவே இல்லை. “இதே இடத்துல என்னை உட்கார வச்சேள். எழுந்து உள்ள போனேன். என் குழந்தை என்னைப் பார்த்துப் பேய்னு அலறிண்டு ஓடினான். நாலு நாள் மாட்டுக்கொட்டில்ல தூங்கினான், என்கிட்ட வரலை. பெத்தவளுக்கு அதைவிட என்ன வேணும்? அந்தக் குழந்தையும் இப்பப் போயாச்சு. இந்தப் பலகையில இனிமே யாரும் உட்கார வேண்டாம்.”

குனிந்து மருமகளின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவிழ்ந்த கூந்தலைத் தன் கையாலேயே அள்ளி முடிந்தாள். “உள்ள போ” என்றாள். அந்தப் பெண் கால் வராமல் நின்றாள். நாவிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிச் சந்தில் போனார். அவர் முகத்தில் பெரிய ஆறுதல் இருந்ததைப் பார்த்தேன். அதுவும் எனக்கு அதிர்ச்சிதான். அவரையும் ஒரு மனிதராக நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

மாமியார் கொல்லைக் கதவைச் சாத்த வந்தபோது என்னைக் கண்டாள். யார் என்று கேட்டாள். சொன்னேன்.

“பதிமூணு ஆகட்டும். அப்புறம் வந்து அழைச்சுண்டு போங்கோ. பாடம் போயிடப் போறது” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மாடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

பதிமூன்று கழிந்து நான் போனபோது வீட்டில் ஆள் அரவமே இல்லை. வாத்தியார் அன்றைக்கே எழுந்து போய்விட்டாராம். எங்கிருந்தோ ஒரு ஏழைப் புரோகிதரை அழைத்து வந்து மிச்சக் காரியத்தை முடித்திருந்தார்கள். சித்தப்பா குடும்பம் வருவதில்லை. அவள் வெள்ளைப் புடவையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் எனக்குக் குடிக்கத் தீர்த்தம் கொண்டுவந்து, எட்டத்தில் வைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

மனசு கேட்காமல், அவள் மகன் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். ஹாஸ்டல் எதற்கு என்பதைச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றதையும் சொன்னேன். சொன்னால் அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருக்கும், இருவர் நினைத்ததும் ஒன்றுதான் என்று சந்தோஷப்படுவாள் என்று எண்ணினேன்.

அவள் முகம் அப்படி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடித்ததுபோல் பின்வாங்கினாள்.

“என்னைப் பார்த்தா பயந்தான்?” என்றாள். “அப்பவும் பயந்தான், சாகறப்பவும் என்னைப் பார்த்தா பயந்தான்?”

பிறகு, “படுக்கையில மாசக்கணக்கா நான்தானே பக்கத்துல இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றாள். அதற்குமேல் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் கிணற்றடியில் அசையாத அந்த அம்மாள், மருமகள் ஜட்காவில் ஏறும்போது வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் காலேஜுக்குத் திரும்பினாள். முதல் நாள் ஹாஸ்டல் பெண்கள் அவள் எதிரில் தலைவாரக் கூசினார்கள். அவளே சீப்பை எடுத்து ஒருத்திக்குப் பின்னிவிட்டாளாம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வர ஆரம்பித்தாள். இங்கிலீஷ் கிடையாது, கேள்வி கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து, காலேஜில் சாப்பாட்டில் வெங்காயம் போடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போவாள். கெமிஸ்ட்ரியில் முதல் தடவை தவறி, மறு தடவை எழுதித்தான் அவள் இண்டர்மீடியட் பாஸ் செய்தாள். அதற்குப் பின் சென்னையில் பி.ஏ.யும், ஆசிரியப் பயிற்சிக்கு எல்.டி.யும் படித்தாள். டாக்டர் படிப்புக்குப் போவாள் என்று நான் ஆசைப்பட்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசனை தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போயிற்று, ஆனால் நடந்தது.

யுத்த காலத்தில் ஒரு நாள் திருச்சி ஜங்ஷனில் அவர்களைப் பார்த்தேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சிப்பாய்கள் நிறைந்த ரயில். மூட்டைகளுக்கு நடுவில் மாமியார் கூஜாவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு மருமகளோடு போகிறாள். அந்த ஊரில் பெருமாள் கோயில் இருக்கிறதாம், ஆனால் ஒரே ஒரு பிரகாரம்தானாம்.

“தண்ணி எப்படி இருக்குமோ தெரியலை. காவேரி ஜலம் குடிச்ச நாக்கு” என்று என்னிடம் குறைப்பட்டாள்.

“பழகிடும்மா” என்றாள் மருமகள், ஜன்னல் கதவை ஏற்றிக்கொண்டே. முகத்தில் களைப்பு இருந்தது. காதோரம் ஒரு நரை முடி தெரிந்தது. அந்த வயதுக்கு அது சீக்கிரம்.

கார்டு விசில் ஊதினார். அவர்கள் பெட்டி என்னைத் தாண்டிப் போகும்போது அந்த அம்மாள் மருமகளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குனிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.